மத்தியமத்தின் துளை

கர்நாடக இசையின் நவீன வரலாற்றைச் சொல்லச் சொன்னால் சென்னைக்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். 1927இல் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாடு, 1928இல் மியூசிக் அகாதெமி, அப்புறம் ஒலிபெருக்கி, 1938இல் சென்னை வானொலி நிலையம், நடுவே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை. பட்டியலில் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் அதில் வருகிற எல்லாமே மேடையையும் மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களையும் பற்றியவை. அதே முப்பது ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டின் தலையாய ஊதுகருவி தன் உடம்பையே மாற்றிக்கொண்டது. நீளம் கூடியது, சுருதி இறங்கியது, துளைகள் இடம் பெயர்ந்தன. நாகசுரத்தைச் சொல்கிறேன்.

ஒரு வாக்கியமாக அது எங்காவது இருக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெருமைகளை அடுக்கிக்கொண்டு வரும்போது, தோடிக்கும் கிராப்புக்கும் கோபத்துக்கும் இடையில், 'திமிரியை விட்டுப் பாரி நாயனத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்' என்று ஒரு வாக்கியம். மேதை நினைத்தார், மரம் நீண்டுவிட்டது என்கிற மாதிரி. மரத்தைக் கடைந்தது யார், எதற்காகக் கடைந்தார், எங்கே சிக்கல் வந்தது, இந்தத் திருத்தத்தில் யாருக்குப் பிழைப்புப் போனது என்ற கேள்விகளுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. அதைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை. (நாகசுரமா நாதசுரமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஊதுகிறவர்கள் தங்களுக்குள் நாயனம் என்கிறார்கள். எனக்கு அது போதும்.)

முதலில் கருவி. நாயனத்தின் உடல் உலவு. ஆச்சா மரத்தில் கடைந்த கூம்புக் குழல். மேலே குறுகி, கீழே போகப்போக விரிகிறது. அடியில் அணசு என்கிற வாய். மேல்நுனியில் கெண்டை என்கிற உலோகச் சிறுகுழாய், அதன்மேல் சீவாளி. சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது. இரண்டு மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு காற்றை நாதமாக்குகின்றன. உலவில் பன்னிரண்டு துளைகள். விரல் ஓடுவது ஏழில். மிச்சம் ஐந்தும் கீழே இருக்கின்றன. விரல் அங்கே போவதில்லை. மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிக்கட்ட அவை.

இந்த உடம்பின் தர்க்கம் விளங்க இதன் தூரத்துச் சொந்தம் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். குடியரசு தின அணிவகுப்பில் ராணுவக்காரர்கள் கக்கத்தில் தோற்பையை இடுக்கிக்கொண்டு ஊதிப்போகும் ஸ்காட்லாந்து பேக்பைப். பைக்குக் கீழே தொங்குகிற துளைக்குழலுக்கு அவர்கள் சான்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவும் கூம்புக் குழல்தான், அதுவும் இரட்டை நாணல்தான். முன்பக்கம் ஏழு துளை, பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று. ஆனால் நாணல் பைக்குள்ளே ஒளிந்திருக்கிறது. உதடு அதைத் தொடுவதே இல்லை. பை ஒரே சீராக அழுத்துகிறது. அதனால் ஊதுகிறவர் மெதுவாக ஊத முடியாது, பலமாக ஊத முடியாது, நிறுத்தக்கூட முடியாது. மேல் ஸ்தாயிக்குத் தாவவும் வழியில்லை. மொத்தம் ஒன்பது ஸ்வரம், அவ்வளவுதான்.

ஒன்பதைப் பத்தாக்க ஐரோப்பாவில் ஆளாளுக்கு முயன்றிருக்கிறார்கள். வட இங்கிலாந்தில், நார்த்தம்பர்லாந்துச் சிறு பைப்பில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் ரீடு போன்ற கைவினைஞர்கள் உலோகச் சாவிகளைப் பொருத்தி எல்லையை நீட்டினார்கள். அயர்லாந்துக்காரர்கள் இன்னொரு தினுசு. துருத்தியை முழங்கையால் அமுக்கிக் காற்றழுத்தத்தைக் கூட்டி, குழலின் வாயைத் தொடைமேல் வைத்து அடைத்து, இரண்டாம் ஸ்தாயியைப் பிடித்தார்கள். ஸ்காட்லாந்துப் படைக்கருவி மட்டும் ஒன்பதோடு நின்றுவிட்டது. அங்கே மாறியது சுருதி. இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் போட்டி வாத்தியக் குழுக்கள் கணீரென்ற ஒலிக்காகச் சுருதியை ஏற்றிக்கொண்டே போனார்கள். அதே நூற்றாண்டில் நம் நாயனம் கீழே இறங்கியது. இரண்டும் வெட்டவெளிக் கருவிகள். ஒன்று வெட்டவெளியிலேயே தங்கி இன்னும் கூர்மையாயிற்று. மற்றது வீட்டுக்குள் நுழையப் பார்த்தது.

நாயனத்துக்கு மேல் ஸ்தாயி ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. சீவாளி உதட்டுக்கு நடுவில் இருக்கிறது. அழுத்தினால் ஸ்தாயி தாவும். இரண்டு ஸ்தாயிக்கு மேல் சாவி எதுவும் இல்லாமல் நம்மவர்கள் ஊதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே எல்லை விரிவு என்றால் எத்தனை ஸ்வரம் என்ற ஐரோப்பியக் கணக்கு இங்கே பாதிதான் பொருந்தும். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம், அந்த இடத்தில் விரல் எவ்வளவு நேரம் நின்று பேசலாம் என்பதும் எல்லைதான். பழைய திமிரி நாயனத்தில் அந்த இடம் நெருக்கமாக இருந்தது.

திமிரி குட்டையானது. சுருதி நான்கரை, ஐந்து கட்டை. பாரி இரண்டரை அடிக்கு மேல் நீண்டது. இரண்டு, இரண்டரை கட்டை. நடுவே இடைப்பாரி என்று ஒன்றும் உண்டு. ஆர்மோனியத்தில் ஐந்து கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறங்கிப் பாருங்கள். இரண்டு கட்டையை ஷட்ஜமமாக வைத்துக்கொண்டால் ஐந்து கட்டை அதன் சுத்த மத்தியமம். நாயனம் இறங்கிய தூரம் அது. குழல் கணக்கில் மூன்று பங்கு இருந்த காற்றுத்தூண் நான்கு பங்கு ஆகவேண்டும். சொல்லிவிடலாம். நீளத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் துளைகளுக்கு இடையிலான தூரமும் அதே விகிதத்தில் கூடும், விரல் அதே விகிதத்தில் வளராது. விரல் எட்டும் இடத்தில் துளையைப் போட்டால் ஸ்வரம் ஏறிப்போகும். அதைத் தட்டத் துளையைச் சின்னதாக்க வேண்டும். துளை சின்னதானால் அந்த ஸ்வரம் மட்டும் மூக்கடைத்த மாதிரி ஒலிக்கும். கூம்பின் சரிவை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் மாற்றினால் மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியோடு ஒட்டாது. இன்னொன்றும் உண்டு. கூம்பின் கூர்நுனியை வெட்டிவிட்டுத்தான் கெண்டையும் சீவாளியும் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. வெட்டுப்பட்ட நுனிக்குள் எவ்வளவு காற்று அடங்கியிருக்குமோ கிட்டத்தட்ட அதே அளவுக்கு அவை ஈடு கட்ட வேண்டும். ஆக, உலவை நீட்டினால் கெண்டையும் சீவாளியும் கூடவே மாற வேண்டும். ஒரு இழையைத் தொட்டால் துணி முழுக்கச் சுருங்கும்.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் நீட்ட வேண்டும்?

மயிலாப்பூரில் பங்குனித் திருவிழா நடக்கும்போது நான்கு மாட வீதியையும் ஒரு சுற்று வந்து பார்த்தால் திமிரி எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துவிடும். சாமி புறப்படும்போது மல்லாரி. கம்பீரநாட்டை சன்னதியில் தொடங்கி, தெருமுனையில் வடை சுடுகிறவருக்கும், மாடியில் உலர்த்திய துணியை எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் 'சாமி வந்தாச்சு' என்று தெரிவிக்க வேண்டும். ஒலி பயணம் செய்ய வேண்டும், கூட்டத்தையும் தவிலையும் கிழித்துக்கொண்டு போக வேண்டும். ஐந்து கட்டை அதைச் செய்யும். கோயில் சேவகத்தில் கருவியின் வேலை அறிவிப்பது. ஊதுகிறவர் நின்றுகொண்டே, நடந்துகொண்டே, வேட்டியை இடுப்பில் இறுக்கி, மேல்துண்டைத் தோளில் போடாமல் ஊத வேண்டும் என்பதும் அதே சேவகத்தின் ஒழுங்கு. சுயமரியாதை இயக்கக் காலத்தில் கானாடுகாத்தான் ஊர்வலம் ஒன்றில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசிக்க, அங்கிருந்த பணக்காரர்கள் அதை எடுக்கச் சொல்ல, பட்டுக்கோட்டை அழகிரி எடுக்காதே வாசி என்று நின்ற கதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. அதைத் துண்டின் கதையாக மட்டுமே நாம் படித்துப் பழகிவிட்டோம். உடம்பின் மேல் செல்லும் அதிகாரம் துண்டோடு நிற்பதில்லை. எந்த உயரத்தில் ஒலிக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஒரு ராகத்தில் நிற்கலாம் என்பதிலும் அது இருக்கிறது.

ராஜரத்தினம் பிள்ளை முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றவர். இதை அவரது வாழ்க்கைக் குறிப்பில் ஒரு தகவலாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது திறவுகோல் மாதிரிப் படுகிறது. பாடகனின் ராகக் கற்பனையைத் தெருவின் குழலுக்குள் போட்டால் குழல் இடிக்கும். ஒலிபெருக்கிக்கு முந்திய நாடக மேடையில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் உச்ச சுருதியில் பாடினார்கள், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே. ஒலிபெருக்கி வந்ததும் ஆண் பாடகர்களின் சுருதி ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைக்குச் சௌகரியமாக வந்து உட்கார்ந்தது. தொண்டைக்கு அது ஒரு தீர்மானம். இன்றைக்கு முடிவெடுத்தால் நாளைக்குப் பாடலாம். நாயனக்காரர் அதே இடத்துக்கு வரவேண்டுமென்றால் வேறு ஒரு மரம் வேண்டும். அந்த மரத்துக்கு ஓர் ஆசாரி வேண்டும்.

அந்த ஆசாரி நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர். ஊதுகிறவர் இசை வேளாளர், கடைகிறவர் விஸ்வகர்மா. இருவருக்கும் நடுவில் இயற்பியல் பேராசிரியர் எவரும் இல்லை, சபாவின் நிபுணர் குழுவும் இல்லை. பட்டறையில் கடைவது, ஊதிப் பார்ப்பது, உதட்டைப் பிதுக்குவது, மறுபடி கடைவது. ஆராய்ச்சி என்ற சொல்லைப் பல்கலைக்கழகங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டதால் இந்த மாதிரி வேலைக்குத் 'தொழில்' என்று பேர். வேடிக்கை என்னவென்றால், கருவியின் அளவுகளை எழுதி வைப்பது தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் குழலின் நீளம் இருபது விரல், சுற்று நாலரை விரல் என்று அளந்து தருகிறார். சாமிநாதையர் அந்த உரையை 1892இல் அச்சில் கொண்டுவந்த பிறகு, பழைய குழலின் துளைக்கணக்கைப் பற்றி இந்த நகரத்தின் படித்தவர்கள் ஓயாமல் விவாதித்திருக்கிறார்கள். கண்ணெதிரே இருநூறு மைல் தள்ளி ஒரு குழல் மாறிக்கொண்டிருந்தபோது அளவுக்கோலை எடுத்துக்கொண்டு எத்தனை பேர் போனார்கள்?

இப்போது மத்தியமத்துக்கு வருகிறேன். எழுபத்திரண்டு மேளகர்த்தாவில் முதல் முப்பத்தாறு சுத்த மத்தியமம், அடுத்த முப்பத்தாறு பிரதி மத்தியமம். கல்யாணி, பந்துவராளி எல்லாம் பிரதி. சங்கராபரணம், கரகரப்பிரியா, காம்போதி, தோடி எல்லாம் சுத்தம். பழைய நாயனத்தில் மத்தியமத் துளையை இயல்பாகத் திறந்தால் வருவது சுத்த மத்தியமத்துக்கு மேலே, பிரதியை நோக்கிச் சாய்ந்து நிற்கும். சுத்த மத்தியமம் வேண்டுமென்றால் துளையை அரைகுறையாக மூடி, சீவாளியில் உதட்டுப் பிடியைத் தளர்த்தி, காற்றைக் குறைத்து, ஸ்வரத்தைக் கீழே இழுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு கணம் தொட்டுவிட்டுப் போகிற இடத்தில் இது சமாளிக்கக் கூடியது. மத்தியமத்தில் நின்று கார்வை கொடுக்க வேண்டிய இடத்தில்? அரை மணி நேரம், ஒரு மணி நேரம் ஆலாபனை போகிற ராகத்தில்?

ராஜரத்தினத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ராகம் தோடி என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சுத்த மத்தியம ராகம். அவரது தோடி இசைத்தட்டாகி ஊர் ஊராகப் போன காலத்தில் மத்தியமத் துளை இன்னும் திருந்தியிருக்கவில்லை. ரங்கநாதன் ஆசாரி சுத்த மத்தியமம் இயல்பாகவே நிற்கும்படி துளையைத் திருத்திப் பாரி நாயனத்தைச் செய்து முடித்தது 1950களின் நடுவில். அதாவது, கேட்டவர்கள் கிறங்கிப்போன அந்தத் தோடியில் மத்தியமத்தை மரம் தரவில்லை. விரலும் உதடும் மூச்சும் கொடுத்தன. ஒவ்வொரு முறையும் புதிதாக, கருவியோடு மல்லுக்கட்டி. பிறகு ஆசாரி அந்த மல்லுக்கட்டை வாங்கி மரத்துக்குள் போட்டார். வித்துவானின் உடம்பில் இருந்த உழைப்பு துளையின் இடத்தில், துளையின் விட்டத்தில் உறைந்துவிட்டது. அடுத்த தலைமுறைப் பையன் விரலைத் தூக்கினால் சுத்த மத்தியமம் வரும். எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்க வேண்டியதில்லை. இசை வரலாறு எழுதுகிறவர்களும் கேட்கவில்லை. ராஜரத்தினம் 1956 டிசம்பர் 12இல் இறந்துபோனார். திருத்திய குழலோடு அவருக்குக் கிடைத்த காலம் மிகக் குறைவு.

மரத்துக்குள் போட்டுவிட்டதால் ஏதாவது போயிற்றா? போயிற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. மயிலாப்பூர்ப் பக்கம் கோயில் சேவகத்தில் இருக்கிற, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "இப்பப் பசங்களுக்கு நாயனம் வாசிக்குது சார். அப்ப நாயனத்த நாங்க வாசிச்சோம். அதுக்காகப் பழசு ஒசத்தின்னு சொல்ல வரல, பழசுல தோடி வாசிச்சா ரெண்டு நாளைக்கு உதடு வீங்கிக் கெடக்கும். யாருக்கு வேணும் அந்தக் கஷ்டம்?" இதில் ஏக்கமும் இருக்கிறது, ஏக்கத்தை நம்பாத தெளிவும் இருக்கிறது. 'மரபு அழிகிறது' என்று டிசம்பர் மாதத்தில் புலம்புகிறவர்களிடம் நான் இரண்டாவதைக் கண்டதில்லை.

போனது வேறு இடத்தில். பேக்பைப்பில் சுருதிக்குழல்கள் அதே பையில்தான் செருகியிருக்கின்றன. ஒரே ஆள் பாட்டையும் சுருதியையும் சேர்த்து ஊதிவிடுவார். நம் மேளத்தில் சுருதிக்குத் தனியாள். ஒத்து என்பது விரல்துளை இல்லாத நீண்ட நாயனம். ஒரே ஸ்வரம், மூச்சு விடாமல், மூக்கால் இழுத்து வாயால் விட்டுக்கொண்டே, இரவெல்லாம். ஒத்துக்காரர் என்பவர் மனிதத் தோற்பை. கூலி மேளத்திலேயே குறைவு. ஆனாலும் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் எத்தனையோ பேர் வித்தை கற்றார்கள். குருவின் பக்கத்தில் சுருதி பிடித்துக்கொண்டு காதால் ராகத்தைத் திருடுவது. சுருதிப்பெட்டி வந்தது, பிறகு மின்னணுச் சுருதிப்பெட்டி. கச்சேரிக்குரிய மென்மை கூடியது. ஒத்துக்காரர் காணாமல் போனார், அவரோடு அந்தப் பள்ளிக்கூடமும். முன்னேற்றத்தின் கணக்கில் இது வரவா செலவா என்று எனக்குச் சொல்லத் தெரியும், ஆனால் அந்தக் கூலியை வாங்கிப் பிழைத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தோற்பை என்றதும் இன்னொன்று. தோற்பைச் சுருதி நமக்கு அந்நியம் என்று நினைத்துவிட வேண்டாம். சதிராட்டத்துக்கான சின்ன மேளத்தில் துத்தி என்று ஒன்று இருந்தது, சுருதி உபாங்கம் என்றும் சொல்வார்கள். ஆட்டுத்தோல் பை, அதில் செருகிய நாணற்குழல், ஒரே ஸ்வரம். கேப்டன் டே என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1891இல் வெளிவந்த தன் தென்னிந்திய இசை நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். துத்திக்குப் பக்கத்தில் முகவீணை. பேர்தான் வீணை, உண்மையில் நாயனத்தின் சின்னத் தங்கை. 19ஆம் நூற்றாண்டில் கிளாரினெட் வந்து முகவீணையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆடுகிற பெண்ணின் பின்னாலேயே இவர்கள் எல்லோரும் நின்றுகொண்டு, அவள் நகர நகர நகர்ந்து வாசிப்பார்கள். 1935 டிசம்பரில் அடையாறில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் ருக்மிணி தேவி ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம். வாத்தியக்காரர்கள் மேடையின் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். அந்த வரிசையில் புல்லாங்குழலுக்கு இடம் கிடைத்தது. துத்தியும் முகவீணையும் மேடை ஏறவில்லை. சீவாளி உள்ள கருவி எதுவும் 'சுத்தமான' காதுக்கு ஒத்துவரவில்லை. எச்சில், நாணல், தெரு. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபோது சின்ன மேளத்தின் கருவிகளுக்கு ஏற்கெனவே காரியம் முடிந்திருந்தது. முகவீணையை யாரும் நீட்டிப் பார்க்கவில்லை, அதன் துளையைத் திருத்தவில்லை. திருத்தச் சொல்லிப் பட்டறைக்குப் போக அதற்கு ஒரு ராஜரத்தினம் இல்லை.

பெரிய மேளத்துக்கு இருந்தார். நின்று வாசிக்க மாட்டேன், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். தம்புரா வைத்துக்கொண்டார், கிராப்பு வைத்தார், சட்டை போட்டார். இவையெல்லாம் தனித்தனிக் கிறுக்குகள் என்று நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்கள் ரசித்து எழுதுகிறார்கள். நீண்ட குழலை இவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வாக்கியம். அறிவிப்பாளனாக இருக்கமாட்டேன் என்பதுதான் அது. இரண்டரை அடிக் குழலைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும்போது அணசு மடிக்கு முன்னால் சாய்ந்து நிற்கிறது. தெருவைப் பார்த்து நீட்டிய கருவி சபையைப் பார்த்துக் குனிந்துவிட்டது. வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் எந்தச் சுருதியோ எனக்கும் அந்தச் சுருதி.

சபா என்ன செய்தது? சும்மா சொல்லக்கூடாது, வரவேற்றது. விழாவின் முதல் மணி நேரத்தை ஒதுக்கியது. மங்கள இசை. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் டிசம்பர் விழாத் தொடக்கத்தில் நாயனம் வாசித்துக்கொண்டிருக்க, உள்ளே வருகிறவர்கள் இருக்கை தேடிக்கொண்டும் காப்பிக்கு எந்தக் கான்டீன் என்று பேசிக்கொண்டும் இருப்பார்கள். சாமி புறப்பாட்டை அறிவித்த கருவி இப்போது விழாப் புறப்பாட்டை அறிவிக்கிறது. குழல் நீண்டும் வேலை மாறவில்லை. சங்கீத கலாநிதிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1956இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை. பிறகு நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து, 1998இல், ஷேக் சின்ன மௌலானா. ராஜரத்தினத்துக்கு அந்தப் பட்டம் கிடைத்ததே இல்லை. குணத்தைக் காரணம் சொல்வார்கள். குணக்கேடு உள்ள பாடகர்களுக்குக் கிடைத்திருக்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை.

அடையாறு ஆற்றங்கரையில், பிராடி காசில் என்ற பழைய வெள்ளைக்காரன் மாளிகையில் இருக்கிற அரசு இசைக் கல்லூரி 1949இல் வந்தது. முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல் முதல்வர். நாயனம் வாசிக்கக் கற்கலாம். கடையக் கற்க முடியாது. வாசிப்புக்குப் பட்டயம் உண்டு, குழலுக்குக் கிடையாது என்ற இந்தப் பிரிவினையை நாம் இயல்பானது என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். சாதி அடுக்கில் கையும் வாயும் தனித்தனி அறையில் வைக்கப்பட்டிருப்பது பாடத்திட்டத்திலும் தொடர்கிறது. ஸ்காட்லாந்தில் குழல் செய்கிறவர்கள் தங்கள் பெயரைக் குழலிலேயே பொறிக்கிறார்கள். போட்டிக்குப் போகிறவன் யார் செய்த சான்டர் வைத்திருக்கிறான் என்பது அங்கே ஒரு பேச்சு. இங்கே ராஜரத்தினத்தின் இசைத்தட்டில் யார் செய்த நாயனம் என்று யாரும் அச்சடிக்கவில்லை.

2023 மே மாதம் புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் வைத்தபோது ஒரு வாரத்துக்கு நாடே 1947 ஆகஸ்ட் 14ஐப் பேசியது. திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து யார் போனார்கள், நேரு கையில் எப்படிக் கொடுத்தார்கள், அது செங்கோலா கைத்தடியா. கோலைச் செய்த சென்னை நகைக்கடை உம்மிடி பங்காருவின் பெயர் வடநாட்டுத் தொலைக்காட்சிகளில்கூட ஒலித்தது. அன்றைக்கு அந்த ஊர்வலத்தில் நாயனம் வாசித்தவர் ராஜரத்தினம் பிள்ளை என்பதையும் ஓரிரு பேர் சொன்னார்கள். அவர் கையிலிருந்த நாயனத்தைச் செய்தது யார் என்ற கேள்வி எழவே இல்லை. தங்க முலாம் பூசிய கோலுக்குத் தட்டானைத் தேடுகிற வரலாறு, ஊதுகிற மரத்துக்குத் தச்சனைத் தேடுவதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022இல், நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். ஆனால் புவிசார் குறியீட்டின் மொழி மண்ணையும் மரபையும் பேசும் மொழி. காலங்காலமாக இப்படியே செய்துவருகிறார்கள் என்று சொன்னால்தான் அதற்குப் புரியும். நரசிங்கம்பேட்டையின் பெருமையோ காலங்காலமாகச் செய்ததை மாற்றியதில் இருக்கிறது. மாற்றியவனை மரபின் காவலனாக்கிப் பட்டயம் கொடுக்கிறோம்.

மயிலாப்பூர்ப் பெரியவர் பாரியோடு நிற்கவில்லை. "வீதியில ரெண்டு கட்ட எடுபடாது சார். சாமிக்கு முன்னால ஜெனரேட்டர் வண்டி வருது, அதுக்கு மேல கேக்கணும். திமிரிய எடுத்தா நையாண்டி மேளம்னு சிரிப்பாங்க. அதனால பாரியத்தான் வாசிக்கிறோம், மைக்க அணசுல கட்டிக்கிறோம்." கரகாட்டத்துக்கும் காவடிக்கும் ஊதுகிற நையாண்டி மேளத்தில் குட்டைக் குழல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது சத்தமாக இருப்பதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. நீட்டிய குழல் உயர்ந்தது, நீட்டாத குழல் தாழ்ந்தது என்ற புதிய வரிசையும் இந்தத் திருத்தத்தின் விளைவுதான். ராஜரத்தினமும் ஆசாரியும் அதைக் கேட்டு வாங்கவில்லை, ஆனாலும் வந்துசேர்ந்தது.

பெரியவர் புதுசாக ஒரு நாயனத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார். புது மரம் ஆகாது, பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கிற ஆச்சா உத்தரமோ தூணோதான் வேண்டும், ஈரம் முழுக்க வற்றியிருக்க வேண்டும். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். "ஏதாவது வீடு இடியணும்" என்றார்.